மஞ்சள் கிலுகிலுப்பை: எந்த இனம்?

மணல் தரிசில் தானாக முளைத்த செடி. ஆறு வாரமாகப் பார்த்தும் இனம் பிடிபடவில்லை.

உயரம் 80 செ.மீ., தண்டில் நீள வரிகள். தனி இலை, 7 செ.மீ., அடி குறுகி நுனிப்பக்கம் அகன்றது; மேலே வழவழப்பு, கீழே மென்மயிர். கொடி இதழின் (பூவில் மேலே நிமிர்ந்த பெரிய இதழ்) பின்புறம் செம்பழுப்புக் கோடுகள். படகு இதழை (கீழே படகுபோல் மடிந்தது) பிரித்தால் நுனி அலகுபோல் முறுக்கியிருக்கிறது; உள்ளே ஐந்து மகரந்தப்பைகள் நீளம், ஐந்து சிறு உருண்டை. காய் 4 செ.மீ., ஊதியது, மயிரில்லை; முற்றிக் கறுத்ததும் குலுக்கினால் சலசலக்கிறது. ஆகவே கிலுகிலுப்பைகளின் குரோட்டலேரியா பேரினம் என்பதில் ஐயமில்லை. ஆவாரை, தகரை எல்லாம் கூட்டிலை, விலக்கிவிட்டேன். சணப்பும் அல்ல, அதன் காயில் பட்டுமயிர் இருக்கும், இலையும் ஒடுக்கம்.

கைப்பேசிச் செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொல்கிறது. பூவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

இப்பேரினத்தில் மிச்சம் இரண்டு இனங்கள்: ரெட்டியூசா, ஸ்பெக்டாபிலிஸ். ஸ்பெக்டாபிலிஸில் பூவடிச் செதில் (பூக்காம்பின் அடியில் உள்ள சிற்றிலை) அகன்று, உதிராமல் நிற்கும். இதிலோ 2 மி.மீ. நூல்போல்தான், அது ரெட்டியூசாவைக் காட்டுகிறது. ஆனால் ரெட்டியூசா இலைநுனி மழுங்கியோ குழிந்தோ இருக்கவேண்டும். இங்கே கீழிலைகள் மழுங்கல், மேலிலைகளில் சிறு முனை துருத்துகிறது.

பூவடிச் செதிலை நம்பி ரெட்டியூசா என்றே முடிவு செய்யலாமா, அல்லது இந்த இலைநுனி வேறோர் இனத்தைச் சுட்டுகிறதா?