புதுப்பிப்பு: மொந்தால்சீனோவைக் கார் இல்லாமல் சுற்றிய கதை

கார் இல்லாமல் இத்தாலியின் மொந்தால்சீனோ என்ற சின்ன மலையூரில் இரண்டு நாள் சுற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தாராளமாக முடியும். சியேனா நகரத்திலிருந்து பேருந்தில் போனேன், ஊருக்குள் எல்லாமே நடைதான்.

1361இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதில்மேல் கட்டாயம் ஏறிப் பாருங்கள். தனிக் குடியரசாக இருந்த சியேனா 1555இல் எதிரிகளிடம் வீழ்ந்த பிறகும் அங்கிருந்து தப்பி வந்தவர்கள் இந்தச் சின்ன ஊரில் இருந்துகொண்டு 1559 வரை தங்கள் குடியரசை விடாமல் நடத்தினார்கள் என்பதை அந்த மதிலில் நின்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சான்ட் அந்தீமோ மடாலயத்துக்கு நடக்கலாமா என்றும் கேட்டிருந்தேன் அல்லவா, நடந்தேன், சுமார் 10 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டம், ஓக் காடு, அப்புறம் கடைசியில் ஒரே இறக்கம், அந்த இறக்கத்தில் திடீரென்று ஆலிவ் மரங்களுக்கு நடுவே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் தெரியும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு தடவை போவேன். திரும்பும் பேருந்து நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், நான் தவறவிட்டு வாடகைக் காருக்குச் செலவழித்தேன்.

சாப்பாட்டில் பிஞ்சி. மாவும் தண்ணீரும் பிசைந்து கையாலேயே உருட்டும் தடித்த பாஸ்தா, காட்டுப்பன்றிக் கறிக் குழம்போடு. கூடவே ஒரு கிளாஸ் ப்ருனெல்லோ, இந்த ஊர்ச் சிவப்பு ஒயின். சாஞ்சோவேசே திராட்சை மட்டுமே சேர்த்தது, அறுவடை முடிந்து ஐந்தாம் ஆண்டில்தான் விற்பனைக்கே வரும். விலை அதிகம் என்றால் இந்த ஊரின் இன்னொரு சிவப்பு ஒயினான ரோஸ்ஸோ கேளுங்கள், அதே திராட்சைதான், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.