'காஸ்ரிக்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு இரவைக் கடத்தினோம்

உவர்மலை:
இங்கே திருகோணமலை உவர்மலையில் வயிற்றில் என்ன நடந்தாலும் எங்களிடம் ஒரே பெயர்தான், காஸ்ரிக். செமியாக்குணம், நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், பசியில் வரும் வயிற்றுக்கடி எல்லாம் அதுக்குள் அடக்கம். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், போன வருசம் மாமாவுக்கு நடந்தது வரைக்கும்.

இரவு நண்டுக்கறியும் ரொட்டியும் சாப்பிட்டார். பத்தரை மணிபோல நெஞ்சுக்குழிக்குக் கீழே கைமுட்டியை வைத்து அழுத்திக்கொண்டு கட்டிலில் இருந்தார். "காஸ்ரிக்தான், இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ தா" என்றார். குடித்தார், பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. அந்த ஏப்பத்தைக் கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, நான் போய்ப் படுத்தே விட்டேன். 2 மணிக்கு மாமி எழுப்பினா. மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, மாமாவின் தலையணை பிழிந்தால் தண்ணீர் வரும்போல நனைந்திருக்கிறது, சாரத்தின் இடுப்பு மடிப்பு வரைக்கும் வேர்வை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தோம், வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன செய்யுது என்று கேட்க, நான் முந்திக்கொண்டு "காஸ்ரிக் டொக்டர்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம், "ஐயா, எங்க நோகுது, கையால காட்டுங்கோ. எரியுதா, அழுத்துதா?" என்றார். மாமா கையைக் காட்டி "கல்லு வச்ச மாதிரி அழுத்துது" என்றார். உடனே ஈசீஜீ எடுத்தார்கள். மாரடைப்பு. இதயத்தின் அடிப்பக்கம் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற தசைக்கு மேலேதான் இருக்கிறது, அங்கே அடைப்பு வந்தால் நோவு மேல்வயிற்றில் தெரியலாம், சத்தியும் வரலாம் என்று பிறகு விளங்கப்படுத்தினார். மாமா தப்பினார்.

அப்புறம்தான் இந்தச் சொல்லையே தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் காஸ்ரிக் என்பது ஒரு வருத்தத்தின் பெயரே இல்லை, 'இரைப்பைக்குரிய' என்று மட்டும்தான் பொருள், வயிற்றைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரைப்பைச் சாறு, இரைப்பைப் புண் என்று இன்னொரு சொல்லோடு சேர்ந்துதான் வரும். காஸ்ரைற்றிஸ் என்றால் இரைப்பையின் உட்சுவர் அழற்சி. காஸ், அதாவது வாயு, வேறு. அது 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ட் என்பவர் கிரேக்கத்தின் 'கேயாஸ்' என்ற சொல்லை வைத்து உண்டாக்கியது, இரைப்பைக்கும் அதுக்கும் ஒரு உறவும் இல்லை. நாங்கள் மூன்றையும் ஒன்றாக்கி, காற்றுப் போனால் வருத்தமும் போய்விட்டது என்று நம்பினோம். அன்றைக்கு மூன்றரை மணித்தியாலம் வீணாய்ப் போனது அதனால்தான்.

கிண்ணியா:
கிண்ணியாவில் எங்கட உம்மாவுக்கும் இதே சொல்தான். எத்தனையோ வருசம் 'எனக்குக் காஸ்ரிக்' என்று பாமசியில் ஒமிப்ரசோல் என்ற அமிலம் குறைக்கிற மருந்தை வாங்கி விழுங்கினா. முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனக் என்ற நோவு மாத்திரையையும் சேர்த்து. கிளினிக்கில் நேர்ஸ் மிஸ் "மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டிருக்கிறா, உம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டா. வீட்டில் நான் "வெளிக்குப் போறது எப்படி உம்மா?" என்று கேட்டபிறகுதான் நாலு நாளாகத் தார் மாதிரி கறுப்பாகப் போகுது என்று சொன்னா. நோவு மாத்திரையால் இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசிந்திருக்கிறது. கமராக் குழாய் விட்டுப் பார்த்து அங்கேயிருந்த கிருமிக்கும் மருந்து கொடுத்தார்கள். ஹெலிகோபக்டர் என்ற அந்தக் கிருமியை 1984இல் பரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய டொக்டர் தானே குடித்து, காஸ்ரைற்றிஸ் வரவழைத்துக் காட்டினார், 2005இல் ரொபின் வொரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதையெல்லாம் பிறகு வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் உம்மா அத்தனை வருசம் காரத்தில்தான் பழியைப் போட்டு மிளகாயே சேர்க்காமல் இருந்தா.

உவர்மலை:
உம்மா சுகமாக இருக்கட்டும். மாமா இப்போது அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. நேற்றும் சாப்பிட்டுவிட்டு வந்து தொப்புளுக்கு மேலே நாலு விரலை வைத்து, "இந்த இடம், எரிவு, அழுத்தம் இல்லை, வேர்வையும் இல்லை" என்று மாமியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இஞ்சி இடிக்கப் போனா.