புதுப்பிப்பு: கிட்டாரின் நான்காவது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்குக் கம்பியை) நகர்த்தியாச்சு

கிட்டாரில் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தில் வரும் ‘க’) வாசித்தால் தம்புராவோடு ஏன் உரசுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிறன்று ஐந்து பேர் நண்பர் வீட்டு மாடியில் கூடிப் பார்த்துவிட்டோம்.

தம்புராவின் சட்ஜத் தந்திக்குள்ளேயே ஒலிக்கிற காந்தாரம் சட்ஜத்துக்கு 5/4 அதிர்வெண் விகிதம், அதாவது 386 சென்ட் (சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை, ஒரு ஸ்தாயிக்கு, 1200 சென்ட்). கிட்டாரில் இருப்பது 400. சிலர் இங்கே சொன்னது சரிதான், அந்த 14 சென்ட்தான் உரசல். 65 செ.மீ. தந்திக்கு நான்காவது ஃப்ரெட் 4 மி.மீ. தலைப்பக்கம் போக வேண்டும். பழைய கிட்டாரில் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினோம். காந்தாரம் தம்புராவுக்குள் அப்படியே கரைந்தது! ஆனால் எல்லாத் தந்திக்கும் அடியில் ஓடுகிற அதே கட்டு பக்கத்துத் தந்தியின் சுரத்தைக் கெடுத்துவிட்டது.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஃபோக்கர் ஆர்கன் மாதிரி ஸ்தாயியை 31 சமப் பங்காக்கலாமே என்றார் ஒருவர். அதில் காந்தாரம் 387, பிரமாதம். பஞ்சமமோ 5 சென்ட் இறங்கிவிடும். வீணைக்காரர் முகத்தைச் சுளித்தார். (அவருக்கென்ன, மெழுகை இளக்கி மெட்டை, அதாவது வீணையின் ஃப்ரெட்டை, நகர்த்திக்கொள்வார்.)

அடுத்த முறை தந்திக்கு ஒன்றாகக் குட்டி ஃப்ரெட் ஒட்டப் போகிறோம். பசை வாங்கியாச்சு.