மறு: ஹிஸ்டோன் குறிகளை இடும், எடுக்கும் நொதிகளுக்குப் பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

டி.என்.ஏ.வைத் தாங்கும் ஹிஸ்டோன் புரதங்கள் மேல் வேதிக் குறி வைக்கும் நொதிக்கு 'எழுதி', அதை எடுக்கும் நொதிக்கு 'அழிப்பான்' என்று போன வாரம் இங்கே பெயர்கள் வந்தன. இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அடுத்த தேர்விலேயே நான்கு பிள்ளைகள், "அழிப்பான் நொதி அழற்சி மரபணுவை அழித்துவிடும்" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ரப்பர் வைத்து அழித்தால் எழுத்தே போய்விடும் என்றுதானே பழகியிருக்கிறார்கள். இந்த நொதியோ மரபணுவின் ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. அந்தச் சொல் பரவுவதற்கு முன்பே விட்டுவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நொதி செய்யும் வேலையைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். நான் இருப்பது சேலம் அம்மாபேட்டை. தார்க்குச்சியில் நூல் சுற்றுவதைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. டி.என்.ஏ.வும் அப்படித்தான். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டை மேல் 147 கார இணை நீளத்துக்கு, இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். ஹிஸ்டோனின் வால்போல நீளும் பகுதியில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர்மின்னேற்றம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னேற்றம். அதனால் பிடி இறுக்கமாக இருக்கும். லைசின் மேல் அசிட்டைல் குழு ஒன்று (குறி என்பது இதைப் போன்றதுதான்) வந்து ஒட்டினால் அந்த நேர்மின்னேற்றம் போய்விடும், சுற்று இளகும். இளகிய இடத்து மரபணுவைச் செல் எளிதாகப் படித்துக்கொள்ளும்.

காயத்தில் பாக்டீரியா நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். கிருமியை விழுங்கும் மாக்ரோஃபேஜ் செல் அதன் மேலுறையைக் கண்டுகொண்டதும் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போகிறது. பி300 போன்ற நொதிகளைக் கூட்டிவந்து அசிட்டைல் குறி வைக்கச் செய்கிறது. அழற்சியைத் தூண்டும் ஐ.எல்-6, டி.என்.எஃப் மரபணுக்கள் திறக்கின்றன, அழற்சி கிளம்புகிறது. வேலை முடிந்தபின் குறியை எடுத்தாக வேண்டும். டெட்-2 புரதம், அசிட்டைலை நீக்கும் எச்.டி.ஏ.சி-2 நொதியை ஐ.எல்-6 மரபணுவிடம் அழைத்துவந்து அதை அடக்குகிறது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தும் தன் வேலையில் ஒரு பகுதியை இதே எச்.டி.ஏ.சி-2 வழியாகத்தான் செய்கிறது. இப்படி வீக்கத்தைத் தணிக்கிற நொதிக்கு 'அழிப்பான்' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: குறி வைப்பது 'குறியிடு நொதி', எடுப்பது 'குறிகளை நொதி'. களை எடுப்பவர் பயிரைத் தொடுவதில்லை அல்லவா?

ஏற்காட்டிலிருந்து தமிழாசிரியர் ஐயா எழுதிய மறுமடலைக் கீழே ஒட்டுகிறேன், எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பதால்.

"அம்மா, 'அழிப்பான்' வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். களை உவமையும் பொருத்தம். எங்கள் காப்பித் தோட்டத்தில் தினமும் பார்க்கிறேன். ஆனால் 'குறிகளை நொதி நீக்குகிறது' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அது நொதியின் பெயரா, 'குறிகள்' என்ற பன்மையோடு ஐ உருபு சேர்ந்ததா? படிப்பவர் தடுமாறுவார். 'குறியிடு' என்பதிலும் ஓர் எழுத்து நீண்டால் 'குறியீடு' ஆகிவிடும். மரபுக் குறியீடு என்பது ஏற்கெனவே வேறொன்றைக் குறிக்கிறதே. வினையை மாற்றுங்கள், 'பதி', 'நீக்கு' போதும். திறப்பான், மூடுவான் என்று இன்னொருவர் எழுதியிருந்தாரே, அது எளிதாக இல்லையா?"

ஐயா, வேற்றுமை உருபு என் கண்ணில் படவே இல்லை. மிக்க நன்றி. 'குறிபதி நொதி', 'குறிநீக்கு நொதி' என்றே வைத்துக்கொள்கிறேன். தனிப்பெயர் வேண்டும்போது எச்.டி.ஏ.சி-2வை 'அசிட்டைல்நீக்கு நொதி-2' என்று எண்ணோடு சொல்லலாம். மனிதருக்கு அசிட்டைல்நீக்கு வகையில் 18 இருக்கின்றன. குறியைப் படிப்பவை பெரும்பாலும் நொதிகள் அல்ல. அவற்றுக்குக் 'குறியறி புரதம்' சரியாக வரும்.

திறப்பான், மூடுவான் மட்டும் வேண்டாம். அசிட்டைலை நீக்கினால் மரபணு மூடும், உண்மைதான். ஆனால் எச்3 என்ற ஹிஸ்டோனின் 27ஆவது இடத்து லைசினில் மெத்தில் என்ற வேறொரு குறி இருந்தால் மரபணு அடங்கியிருக்கும். அழற்சியின்போது மாக்ரோஃபேஜில் பெருகும் ஜே.எம்.ஜே.டி-3 நொதி அந்த மெத்திலை நீக்குகிறது, மரபணு திறக்கிறது. ஒரே வேலை, இரண்டு விளைவு. குறிக்கு என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மேலே சொன்ன டெட்-2 அடங்கிய டெட் நொதிகள், டி.என்.ஏ. மேலேயே இருக்கும் மெத்திலை நேராக எடுப்பதில்லை, ஆக்சிஜன் சேர்த்து வேறொன்றாக மாற்றுகின்றன. பிறகுதான் அது போகிறது. இவற்றைக் 'குறிநீக்கு' என்பதா, 'குறிமாற்று' என்று தனியே பிரிப்பதா? வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.