ஏற்காட்டிலிருந்து: ஞாயிறு அன்று பார்க்கும் பெண் டாக்டர் சேலத்தில் யார்?

நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை. வயது 34. பல் வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்ததிலிருந்து பிறப்புறுப்பில் கடுமையான அரிப்பு. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுகிறது, வாடை இல்லை. சிறுநீர் போனால் வெளித்தோலில் எரிகிறது. காய்ச்சல், அடிவயிற்று வலி, புண் எதுவும் இல்லை. கர்ப்பமாக இல்லை. சர்க்கரை இதுவரை சோதித்ததில்லை. கணவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். தடவினால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அதிகம். அட்டையைப் படித்தால் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன். சோப்பு போடுவதையும் நிறுத்தி, பருத்தி உள்ளாடைக்கு மாறிவிட்டேன். அரிப்பு கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை. 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், ஆனால் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது, சர்க்கரையும் பாருங்கள் என்றார்கள். வீடியோவில் டாக்டரிடம் பேசும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனியில் முயன்றால் வீடியோ வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. மலையில் சிக்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் நான் போகும்போதெல்லாம் ஆண் டாக்டர்தான். அவரிடம் காட்டலாமே என்பீர்கள். என்னால் முடியவில்லை, அதை விடுங்கள். பழம் பறிக்கிற சீசன், ஞாயிறு மட்டும்தான் லீவு. கீழே இறங்கினால் இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பவும் வேண்டும்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஞாயிறு காலையில் பெண் மகப்பேறு மருத்துவர் பார்க்கும் இடம் எது?