கேன்சல் அழுத்தியும் ஓடிய மேக்ரோ

ஈரோட்டில் ஒரு நூல் கடைக்குக் கணக்கு பார்த்தபோது எக்செலில் ஒரு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிக் கொடுத்தேன். "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்கும். அன்று முதல் போட்ட பில்களைத் திரட்டி ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஸ்டேட்மென்ட்டை மெயிலில் அனுப்பிவிடும்.

ஒரு நாள் பில் போடும் அக்கா, பாதியில் வேறு வேலை வந்ததால் கேன்சல் அழுத்தினார். மேக்ரோ நிற்கவில்லை. நான்கு வருட பில்களையும் அள்ளி, எப்போதோ கணக்கு முடித்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டது. மதியம்வரை போன் ஓயவில்லை. "வேண்டாம்னுதானே தம்பி அழுத்தினேன்" என்று அக்கா கண்கலங்கியது இன்றும் உறுத்துகிறது. அவர் செய்தது சரிதான், தப்பு என் மேக்ரோவில்.

தேதி கேட்க எக்செலின் அப்ளிகேஷன் இன்புட்பாக்ஸ் என்ற பெட்டியை வைத்திருந்தேன். அதில் கேன்சல் அழுத்தினால் ஃபால்ஸ் ('இல்லை' என்ற மதிப்பு) திரும்பி வரும். அதை நான் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும் டேட் வகை மாறியில் வாங்கியிருந்தேன். ஃபால்ஸ் என்றால் 0. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவுக்கு 0 என்பது 1899 டிசம்பர் 30. அதுவும் ஒரு தேதிதான் என்பதால் பிழைச் செய்தியே வரவில்லை. விபிஏவின் சாதாரண இன்புட்பாக்ஸாக இருந்தால் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத பதில்) வந்து, வகை பொருந்தவில்லை என்ற 13ஆம் எண் பிழையோடு அங்கேயே நின்றிருக்கும்.

இப்போது பதிலை, எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியன்ட்டில்தான் வாங்குகிறேன். வந்தது பூலியனா (ஃபால்ஸ் போன்ற ஆம்/இல்லை மதிப்பா) என்று முதலில் பார்ப்பேன். ஆம் என்றால் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். அப்புறம்தான் அது தேதியா என்ற சோதனை.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு நீங்கள் கடைசியில் சொன்ன அந்தத் தேதிச் சோதனையே காலை வாரியது. கொடுத்தது தேதியா என்று பார்க்கும் இஸ்டேட் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். ஒருவர் 31/02/24 என்று அடித்தார். பிப்ரவரியில் 31 ஏது, தடுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். அது 31ஐ வருடமாக எடுத்துக்கொண்டு, 1931 பிப்ரவரி 24 என்று ஏற்றுக்கொண்டது!

பிறகு நாள், மாதம், நான்கு இலக்க வருடம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, அவற்றைச் சேர்த்துத் தேதியாக்கும் டேட்சீரியலில் கொடுத்தேன். அதிலும் ஒரு சிக்கல். 2024, 2, 31 என்று கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 2 என்று தள்ளிவிடும். அதனால் கிடைத்த தேதியின் நாளும் மாதமும் அடித்ததோடு பொருந்துகிறதா என்று திரும்பப் பார்க்கிறேன். வேலை தொடங்குமுன் மாதத்தை எழுத்தில் காட்டி "5 ஜூன் 2024, சரியா?" என்றும் கேட்கிறேன். 05/06 மே மாதமா ஜூன் மாதமா என்ற குழப்பமும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.