குறைந்த ஈரப்பதத்தில் நிலைமின் சோதனை செய்யும் ஆய்வகம் தெரியுமா?

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டு மெஷின் வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். மணலியில் டேங்கர் லாரிகளுக்கு பெட்ரோல் ஏற்றுகிறவர்களுக்கு ஓவர்ஆல் தைக்க முதன்முறையாக ஆர்டர் வந்திருக்கிறது. உடுப்பு உரசிச் சேரும் மின்னூட்டம் ஒரு பொறியாக வெளியேறினால் அங்கே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏனோதானோ என்று தைத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

துணி பாலியஸ்டர் காட்டன். வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு இழை கட்டம் கட்டமாக ஓடுவது தெரியும். அது கார்பன் இழை. மின்னூட்டத்தைச் சேரவிடாமல் கலைப்பது அதுதான்.

ஒரு ஆய்வகத்தில் கொடுத்தேன், பாஸ் என்று ரிப்போர்ட் வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், சோதித்தபோது ஈரப்பதம் 65 சதவீதம்! ஈரக் காற்றில் பருத்தி தண்ணீரை உறிஞ்சும், மின்னூட்டம் தானாகவே கசிந்துவிடும். நம் கடற்காற்றில் சுமாரான துணிகூடத் தேறிவிடும். நிலைமின் தடுக்கும் பாதுகாப்பு உடுப்புகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 1149 கேட்பது 23 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம். துணியைக் குறைந்தது 24 மணி நேரம் அந்த நிலையில் வைத்த பிறகுதான் அளக்க வேண்டும்.

இந்த நிலையில் சோதிக்கும் ஆய்வகம் சென்னையில் எங்கே இருக்கிறது? கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் இதுபற்றி விசாரித்தவர்கள் உண்டா? எனக்கு முக்கியமாக வேண்டியது மின்னூட்டம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம். கார்பன் வெளியே தெரியாமல் இழையின் உள்ளே பொதிந்திருந்தால் பரப்பு மின்தடையை மட்டும் அளந்து பயனில்லை. துவைத்த துணியிலும் சோதிக்க வேண்டும். எத்தனை மீட்டர் கேட்பார்கள், எத்தனை நாள் ஆகும்? இந்த வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பதில் வரும்வரை துணியை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.